பக்கத்து சீட்டு

ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் பக்கத்து சீட்லதான் உக்காந்துக்கினு போறியாம்மா?" என்பதுதான். நான் துணை விமானி. இடப்பக்கம் கேப்டன், வலப்பக்கம் நான். இருவரும் மாற்றி மாற்றித்தான் ஓட்டுகிறோம், பல தடவை தரையிறக்குவதே நான்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, மண்டி வைத்திருக்கும் என் அப்பாவுக்கே அது மண்டையில் ஏறவில்லை. அவர் கணக்கில் கேப்டன் டிரைவர், நான் கிளீனர்.

அந்தத் தடவை விடுப்பில் திருவண்ணாமலை வீட்டுக்கு வந்தபோது இருந்த வெறுப்பில் சீருடையைத் துவைக்கக்கூடப் போடவில்லை. சுருட்டியது சுருட்டியபடி பையிலேயே கிடந்தது. காரணம் இதுதான். விடியற்காலை விமானங்களாகத் தொடர்ந்து போட்டு, நடுவில் இரவு விமானங்களையும் செருகியிருந்தார்கள். ஒரு நாள் இறங்கிக்கொண்டிருக்கும்போது கேப்டன் உயரத்தைச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. என் கண் மூடியிருந்தது. அவர் தோளைத் தட்டினார், விழித்துக்கொண்டேன், பத்திரமாக இறங்கினோம். இறங்கிப் போன பயணிகளில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள், களைத்திருக்கிறேன், ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். அப்படிச் சொல்ல விமானிக்கு உரிமை உண்டு. அன்றே அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். "உங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்றேன். கேப்டன் ப்ரமோஷன் பேச்சு நடந்துட்டிருக்கு. இந்த நேரத்துல இப்படி எழுதினா நல்லாவா இருக்கும்?" குரல் அப்படியே பாகாய் ஒழுகியது. திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த இனிப்புதான் குமட்டியது.

வேறு ஒரு விமானக் கம்பெனியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது இந்தச் சமயத்தில்தான். அவர்களுக்காக ஆள் பிடிக்கும் ஒரு முன்னாள் கேப்டன், தியானத்துக்கென்று எங்கள் ஊரிலேயே வந்து தங்கியிருந்தார். ரமணாசிரமம் பக்கம் ஒரு கஃபேயில் பார்க்கச் சொன்னார். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் உருத்திராட்சம். "இங்க வந்தாத்தாம்மா நான்ங்கறதே கரைஞ்சு போயிடுது" என்று ஆரம்பித்தார். அப்புறம் அந்தக் கரையாத நானைப் பற்றியே இஞ்சி டீ ஆறும்வரை பேசினார்.

சீக்கிரமே கேப்டன் ஆக்கிவிடுவார்களாம். சம்பளமும் ஜாஸ்தி. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "களைப்பா இருக்குன்னு சொன்னா விட்டுடுவீங்களா சார்?"

அவர் சிரித்தார். "நீ ஒரு தடவை எழுதிக் குடுத்திருக்கேன்னு எங்களுக்குத் தெரியும். பரவால்லம்மா, ஒண்ணுதானே. இனிமே அதைப் பழக்கமாக்கிக்காத. நாங்க ஒரே குடும்பம் மாதிரி."

என் கம்பெனிக்குள் நடந்தது இவர் காதுக்கு எப்படி வந்தது? கேட்கவும் பிடிக்கவில்லை. யோசிச்சுச் சொல்றேன் சார் என்று எழுந்து வந்துவிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அந்த இடப்பக்க சீட்டின் மேல் எனக்கு ஆசை விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தோளில் கேப்டனுக்குரிய நாலு பட்டை வைத்த சட்டையில் நான் எப்படி இருப்பேன் என்றுதான் ஓடியது. சீ என்று இருந்தது.

நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து அப்பா ஒரு வழி சொன்னார். "நீ ஒண்ணும் மண்டைய ஒடச்சிக்காத. அந்தப் புது கம்பெனிக்குப் போறதா வேணாமான்னு அம்மன் கோயில்ல பூ போட்டுப் பாத்துடலாம்."

பெண் எடுப்பதா, நிலம் வாங்குவதா, எது முடிவாகாவிட்டாலும் எங்கள் வீட்டில் இதுதான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழை இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் யாராவது ஒருத்தர் எனக்குப் பதிலாக முடிவு செய்தால் தேவலை என்று இருந்தது.

அடி அண்ணாமலையில் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலுக்குக் காலையில் போனோம். பௌர்ணமி முடிந்த மறுநாள். கிரிவலப் பாதை முழுக்க எச்சில் தட்டும் தண்ணீர் பாட்டிலும் மிதிபட்டுக் கிடந்தன, அன்னதானச் சோறு வெயிலில் புளித்து நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். அப்பா முன்பே பொட்டலம் மடித்துக் கொண்டுவந்திருந்தார். பூசாரி வாங்கி வைத்துக் கற்பூரம் காட்டினார். நான் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை அரளி.

"பாத்தியா! கெளம்புன்னு சொல்லிடுச்சி" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு கருவி காட்டுவதை இன்னொரு கருவியில் பார்க்காமல் விடக் கூடாது என்பது எங்கள் வேலையில் ஊறிப்போன பழக்கம். கை தானாகப் போய் இன்னொரு பொட்டலத்தையும் எடுத்தது. "அத்த பிரிக்கக் கூடாதும்மா!" என்று அப்பா பதறினார். பிரித்துவிட்டேன். அதிலும் வெள்ளை அரளி.

பூசாரி விளக்கைத் தூண்டப் போய்விட்டார். அப்பா மட்டும் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"ஆத்தா தவறிப்போய் செவப்ப குடுத்துட்டா இன்னாம்மா பண்றது?" என்றார்.

அவர் மேல் கோபம் வரவில்லை. தன் பெண் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும் என்ற ஆசை அவருக்கு. எனக்குக் கசந்தது வேறு. நானும் ஒரு வாரமாக இப்படி இரண்டு பொட்டலத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு திண்டாடியிருக்கிறேன். இந்தக் கம்பெனியா அந்தக் கம்பெனியா என்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தாயிற்று. எதிலும் என்னைத் தூங்க விடுகிறவன் இல்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போதே போன் அடித்தது. எங்கள் கம்பெனியில் யார் எந்த விமானம் என்று பிரித்துப் போடுகிற பையன். "மேடம், லீவை கேன்சல் பண்ணிட்டு நாளைக்கு வந்துடுங்க. ஆள் கம்மியா இருக்கு."

"முடியாதுங்க. எனக்கு இன்னும் களைப்பு போகல."

"மேடம்... ப்ரமோஷன் நேரம்."

"அது போனா போவட்டும். களைப்புன்னே எழுதிக்குங்க. திரும்ப இதே மாதிரி போட்டீங்கன்னா திரும்ப இதையேதான் சொல்வேன்."

ஜிப்பாக்காரருக்கும் வரவில்லை என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, போனை அணைத்து அரிசி மூட்டை மேல் போட்டேன். இடப்பக்க சீட்டு இனி இப்போதைக்கு இல்லை என்று தெரிந்தது. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. அப்படியே வெறும் பாயில் படுத்தேன்.

கண் செருகும்போது கூடத்தில் அப்பா யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "சாமி உத்தரவு குடுத்துடுச்சிப்பா. இவதான் தூங்கிக்கினு இருக்கா."