ஐஸில் வந்த மூளை

எழுபதுகளில் நான் ஆராய்ச்சி மாணவன். மூளைக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பதுதான் என் வேலை. பெரிய காந்தத்தின் நடுவே, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஆட்டு மூளைத் துண்டை இறக்குவோம். ரேடியோ அலையால் தட்டினால் அதிலுள்ள தண்ணீர் குரல் கொடுக்கும். சற்றுப் பொறுத்துக் கேட்கும்போது குரல் எவ்வளவு மங்கியிருக்கிறதோ, அதை வைத்துத் தண்ணீர் நகர்ந்த தூரத்தைக் கணக்கிடலாம்.

மூளை கெடாமல் போய்ச் சேர வேண்டும். ஆராய்ச்சிக்கூடமோ நகரின் மறுகோடியில். என் அப்பாவுக்குக் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுகளுக்கு ஐஸ் உடைக்கும் வேலை. கெடக்கூடாத எதையும் ஐஸுக்குள் புதைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். விடியற்காலையில் மீன் கூடை நிறையப் பொடித்த ஐஸ் தருவார். ராயபுரம் கறிக்கடையில் மூளையை வாங்கி, அப்படியே அதற்குள் புதைத்து எடுத்துப் போவேன்.

வெளிநாட்டுக் கட்டுரைகள் சொன்னதைவிட என் குழாயில் தண்ணீர் தாராளமாக நகர்ந்தது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சொன்னேன். அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். அப்பா மீன் ஏலத்துக்கு நடுவிலேயே அறிவித்துவிட்டார்.

"எம் புள்ள மூளைக்குள்ள தண்ணி ஓடறத கண்டுபுட்ச்சிக்கீறான்!"

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோர் முன்னும் முடிவுகளைப் படித்துக் காட்டிய அன்று என் பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். மூளையை எப்படிக் கொண்டுவருகிறேன் என்று விசாரித்தார். பெருமையாகவே விவரித்தேன். குழாயை எடுத்து முகர்ந்தார்.

"தண்ணியை அளக்கறதுக்கு, மூளையைத் தண்ணியிலயே ஊறப்போட்டுக் கொண்டுவந்திருக்கீங்களே!"

உருகிய ஐஸ் மூளைக்குள் ஊறியிருக்கிறது. அதைத்தான் இத்தனை மாதமும் அளந்திருக்கிறேன்.

"மீன் குழம்பு வாசனை வேற" என்றான் சக மாணவன் ஒருவன். அறையே சிரித்தது. என் மானம் கப்பலேறிவிட்டது. தப்பு யாருக்கும் வரும். என் வீட்டு வாசனை அந்த ஏ.சி. அறையில் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் யாரும் பார்க்காதபோது சட்டையை முகர்ந்து பார்த்தேன்.

வீட்டில் அப்பா காத்திருந்தார்.

"இன்னாடா, மூஞ்சி தொங்குது?"

"ஒத்துக்கல நைனா. மூளை சரியா இல்லியாம்."

"கெட்டுப்பூட்ச்சா? ஐஸு பத்தல. நாளிக்கி கூட போட்டுத் தரேன், கவலப்படாத."

மறுநாள் கூடை கனத்தது. அவர் விரல்கள் குளிரில் சிவந்திருந்தன. தெருமுனை திரும்பியதும் ஐஸை எல்லாம் சாக்கடை ஓரம் கொட்டினேன். கூடையைக் கறிக்கடையில் விட்டுவிட்டு, மூளையை டிபன் டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த டப்பாவை அதே ஐஸுக்குள் வைத்தே கொண்டுபோயிருக்கலாம். எந்தக் குறையும் வந்திருக்காது. கூடையோடு அந்த அறைக்குள் நுழைய எனக்கு முகமில்லை.

"இன்னிக்கி ஐஸு உருகாம நின்னுச்சா?" என்று சாயங்காலம் அப்பா கேட்டார்.

"நின்னுச்சு நைனா" என்றேன்.

ஆராய்ச்சி முடியும்வரை அவர் உடைத்துத் தந்துகொண்டே இருந்தார். நான் தெருமுனையில் கொட்டிக்கொண்டே இருந்தேன்.