ஆடியில் கிடை

என் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது.

தொண்ணூறுகளில் என் கணவருக்கு வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. யார்டைத் தாண்டி நிலம் குத்தகைக்கு எடுத்து ஐந்து மாடு வளர்த்தேன். நிலத்தை மூன்றாகப் பிரித்திருந்தேன். ஒன்றில் மாடு மேயும்போது மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். மழை பிடித்துவிட்டால் மாட்டை நிலத்தில் இறக்கவே மாட்டேன். புல்லை அறுத்துக் கொட்டகைக்குள் போடுவேன். சாணம் குழியில் மக்கி, துர்கா பூஜை முடிந்த பிறகுதான் நிலத்துக்குப் போகும்.

கோவில்பட்டியில் வேலை போய் அண்ணன் எங்களிடம் வந்து சேர்ந்தான். அந்த ஆடியில் எனக்கு மஞ்சள் காமாலை. ஒரு மாதம் படுக்கை. மாடுகள் அவன் பொறுப்பு.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஐயோ! ஐந்து மாடும் முழங்கால் சேற்றில் நின்றன.

"என்னண்ணே இது?"

"கிடை போட்டிருக்கேன் தாயி. சாணியும் மூத்திரமும் நேரா நிலத்துக்குப் போகுதுல்லா."

ஊரில் ஆடியில் காடு காய்ந்து கிடக்கும். மழைக்கு முன்னால் மாட்டை நிலத்திலேயே கட்டிக் கிடை போடுவார்கள். வங்காளத்தில் அதே ஆடியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். மூன்று துண்டையும் மாறி மாறி மிதிக்க விட்டிருந்தான் பாவி.

"கண்ணு அவிஞ்சா போச்சு? மண்ணு கூழாக் கிடக்கு!"

"அஞ்சு மாட்டை வச்சுக்கிட்டு எனக்கே பாடம் எடுக்கியா?"

மழை விட்டதும் நிலம் செங்கல்லாக இறுகியது. ஒரு புல் முளைக்கவில்லை. விலைக்குத் தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் மாடுகளை ஒவ்வொன்றாக விற்றேன். கடைசியில், கன்றிலிருந்து நான் வளர்த்த செவலை. பெஹாலாவிலிருந்து வந்த பால்காரர் ஓட்டிப் போனபோது அது திரும்பித் திரும்பிக் கத்தியது.

அன்று மாலை அண்ணன் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்திப் பார்த்தான். இறங்கவில்லை.

"இந்த ஊரு மண்ணே சரியில்ல தாயி."

மண்வெட்டியைப் பிடுங்கினேன். "மண்ணு சரியாத்தான் இருந்துச்சு. டிக்கெட் எடுத்துத் தாரேன், ஊருக்குக் கிளம்பு."

போனவன் என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

குத்தகையை மட்டும் விடாமல், நிலத்தில் ஒரு கால் படாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் வருஷம் இடுப்புயரம் புல் நின்றது. தின்ன மாடில்லை. "நிலந்தான் ஆறிடுச்சே, உங்க அண்ணனுக்கு ஒரு கடுதாசி போடேன்" என்றார் கணவர்.

"போங்க அந்தப் பக்கம்" என்றேன்.