கயிற்றில் கட்டிய பூ

மார்கழியில் குற்றாலத்து மலையில் விடாமல் மழை பெய்து, தென்காசியில் சிற்றாறு கரையைத் தொட்டு ஓடியது. வெள்ளம் வந்தால் மஞ்சளும் பூவும் விட்டு, "தாயே, அடங்கிப் போ" என்று கும்பிடுவது எங்கள் தெரு வழக்கம். மூத்தவள் என்பதால் முதல் பூ என்னுடையதுதான். தட்டோடு கரையோரமாக நடந்தேன். தெருப் பெண்கள் பின்னால் வந்தார்கள்.

படித்துறைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ் என் மருமகள். அவளைக் கண்டதும் எனக்கு நடை இன்னும் மிடுக்காகிவிட்டது.

"அத்தை, அங்கனயே நில்லுங்க. படியெல்லாம் முங்கிக் கெடக்கு."

"ஒரு கை பூ விட்டுட்டு வந்துருதேன் தாயி."

"உங்கள விட்டா பின்னால வாரவங்கள நான் எப்படி மறிப்பேன்?"

பின்னால் ஒருத்தி சிரித்தாள். "சொந்த மாமியாரையே மறிக்கா பாரேன். இன்னைக்கு வீட்டுல சோறு கெடைக்குமா இவளுக்கு?"

எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவள் மழையில் நனைந்துகொண்டு, கயிற்றில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். எனக்காகக்கூட எடுக்கவில்லை. நான் திரும்பி நின்றேன்.

"ஏட்டி, என்னையே விடல, உங்கள விடுவாளா? எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

பூவை அவள் தலையில் வைக்கப் போனேன். "டியூட்டில கூடாது அத்தை" என்று அதற்கும் மறித்தாள். அந்தக் கயிற்றிலேயே கட்டிவிட்டு வந்தேன்.

ஆற்றுக்கு முதல் பூ என் கைப்பூ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இந்த வருஷம் அது ஆற்றுக்குப் போகவில்லை. ஆனாலும் பெருமை ஒரு பிடி கூடுதலாகத்தான் இருக்கிறது.