மேலோடைச் செடி, கீழோடைச் செடி

அம்மாவின் தங்கையான என் சித்திக்குக் கல்யாணப் பேச்சை எடுத்தாலே கோபம் வரும். பச்சைமலைக் காட்டில் பூக்கும் காட்டுக் காசித்தும்பையை நான்கு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஒரே பூவில் இரண்டு துணையினங்கள் உண்டு என்பது அவள் கட்சி. பூவைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இலையின் அடியில் பூனைமுடி இருந்தால் மேலோடைச் செடி. வழுவழுவென்று இருந்தால் கீழோடைச் செடி. ஒன்று வளரும் இடத்தில் மற்றது வளராது என்று காட்டிவிட்டால் அவளுக்கு டாக்டர் பட்டம்.

பறித்த செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து, அட்டைகளுக்கிடையில் இறுக்கிக் காயவைப்பாள். ஈரத்தாளை மாற்றும் பெரிய உத்தியோகம், எங்கள் எடமலைப்பட்டி புதூர் வீட்டில், பத்து வயதுப் பெண்ணான எனக்கு. பழைய தாளின் ஓரத்தில் எந்த ஓடை என்று எழுதியிருப்பாள். அதைப் புதுத் தாளிலும் எழுத வேண்டும். ஃபேன் மட்டும் போடக் கூடாது. ஒருநாள் வியர்த்தது, போட்டேன். தாளும் செடியும் அறை முழுக்கப் பறந்தன. பொறுக்கி, குத்துமதிப்பாக அடுக்கி, சமர்த்தாகக் கட்டி வைத்தேன்.

அடுத்த வாரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்த சித்தி ஒரு இலையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழோடை என்று எழுதிய தாளில் பூனைமுடி இலை. அது உண்மையானால் நான்கு வருட உழைப்பும் வீண்.

“தாள் மாத்தறப்ப ஏதாவது மாறிப்போச்சாடி?”

“இல்ல சித்தி.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி, போய் விளையாடு என்றாள். தப்பித்தோம் என்று ஓடினேன்.

மழை விடட்டும் என்று அம்மா தடுத்தும் கேட்காமல், கீழோடையை இன்னொரு முறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மறுநாள் காலை சித்தி துறையூர் பஸ் ஏறினாள். ஓடைப் பாறையில் பாசி வழுக்கிவிட்டதாம். சாயங்காலம் ஆம்புலன்ஸில் உடம்புதான் வந்தது.

காரியம் முடிந்ததும் அம்மா அந்தப் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். “நீயே வச்சுக்க. உன்மேலதான் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.”

என் பொய்யைச் சித்தி நம்பிவிட்டாள் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. நம்பியிருந்தால் ஆய்வேட்டைத் திருத்தி எழுத அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். நம்பவில்லை, என்னை இரண்டாம் முறை கேட்கவும் மனமில்லை. அதனால்தான் மலைக்குப் போனாள் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.