சேலத்தில் தங்கிய இடமும் தங்கியிருக்க வேண்டிய இடமும்

வைத்தியத்துக்காகப் பெரிய நகரத்துக்குப் போகிறவர்கள், எங்கே தங்கலாம் என்று எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். அவர்களுக்காக 1979 ஐப்பசியில் நான் சேலம் போனதைச் சொல்கிறேன். பெருமைப்படுகிற கதை இல்லை.

அக்கா காலில் முள் குத்திய இடம் சீழ் பிடித்து இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. அக்கா வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருந்தார். தகவல் சொல்ல வழியில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினோம். ராசிபுரம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். வழி நெடுக அக்கா என் தோளைப் பிடித்தபடியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. எதிரிலேயே லாட்ஜ், நாளுக்கு ஆறு ரூபாய். அறை கேட்டுக்கொண்டிருந்தபோது, எப்படியோ கேள்விப்பட்டுச் சின்னம்மா வந்துவிட்டார். அம்மாவின் தங்கை, வீடு ஐந்து கிலோமீட்டர் தள்ளி, சூரமங்கலத்தில்.

“ஏஞ்சாமி, ஊடு இருக்கையில லாட்ஜுலயா தங்குவ? ஊருல எங்களப் பத்தி என்ன பேசுவாங்க?”

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் இப்படிக் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

அறுவை செய்யும் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். மறுநாள் செவ்வாய். விரல்களை எடுக்கச் சம்மதம் என்று காலை ஏழரைக்குள் நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆறரைக்கே கிளம்பி நின்றேன்.

“வெறும் வயித்தோட அனுப்புனா உங்கம்மா என்ன நெனைப்பா? இட்லி வெந்துட்டே இருக்குது, இரு கண்ணு.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாயால்தான் நாலு இட்லி தின்றேன். டவுன் பஸ்ஸும் தவறியது. வார்டுக்குள் நுழைந்தபோது மணி எட்டு பத்து.

“கையெழுத்துப் போட ஆளக் காணோமேன்னு டாக்டர் வேற கேஸ எடுத்துட்டாருங்க. இனி வெள்ளிக்கெழமதான்” என்றார் நர்ஸ்.

மூன்று நாளில் கறுப்பு மேலே ஏறியது. இரண்டு விரலோடு முடிந்திருக்க வேண்டியது, பாதத்தையே எடுக்கும்படி ஆயிற்று. அதற்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அக்கா கேட்டாள்: “சின்னம்மா மனசு நோகாம நடந்துக்கிட்டியா சாமி?” மனதாரத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நோயாளியோடு போகிறவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில் அறை எடுங்கள். மூட்டைப்பூச்சி இருந்தாலும் பரவாயில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு எல்லாம் முடிந்து ஊர் திரும்பும்போது போய் வரலாம். சின்னம்மா நல்லவர், அவரை நான் குறை சொல்லவில்லை. லாட்ஜில் தங்கியிருந்தால் கோபித்திருப்பார், அடுத்த தீபாவளிக்குள் பேசியும் இருப்பார். அக்கா முப்பது வருஷம் கட்டை ஊன்றி நடந்தாள்.