புது டிஸ்க்குக்கு அடியில் கிடந்த சண்டை

என் மருமகன் கோபக்காரன். குளியலறைக் கதவு சிக்கிக்கொண்டது என்று உதைத்துப் பெயர்த்தவன். வாசலை மறித்து வண்டியை நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரனைச் சட்டையோடு சுவரில் சாத்தினவன். என் மகள் மேல் மட்டும் கை வைத்ததில்லை. வைத்திருந்தால் அவன் சுடுகாட்டிலும் நான் ஜெயிலிலும் இருந்திருப்போம்.

ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. எத்தனை முறை மக்கர் பண்ணினாலும் முகம் சுளிக்க மாட்டான். "அது பொய் சொல்லாது அத்தை. நாமதான் தப்பா கேட்டிருப்போம்" என்பான். அந்தப் பொறுமையில் கால்வாசியை மனிதர்களிடம் காட்டியிருந்தால் எங்கள் வீட்டுக்குக் குளியலறைக் கதவு மிஞ்சியிருக்கும்.

ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் அவன் பொறுப்பு. என் மகனும் அங்கேதான் மூட்டை தூக்கினான். சேர்த்துவிட்டதே மருமகன்தான்.

ஒரு நாள் கேமராப் படங்கள் சேருகிற பெரிய டிஸ்க் செத்துப்போனது. மருமகன் அதைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி அடையாள எண் உண்டாம். எந்த எண்ணுள்ள டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் கோக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குள் எழுதி வைத்திருப்பார்களாம். அதில் செத்ததன் எண்தான் இருந்தது. கம்ப்யூட்டர் எழுந்ததும் செத்ததைத் தேடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. போனில் முதலாளி காதைக் கிழித்தார். "லாரி எல்லாம் நிக்குதுய்யா! கேமரா இல்லாம ஒரு மூட்டை இறக்க மாட்டேன்!" மருமகன் எண்ணைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தாமல், 'கிடைக்கலைன்னா பரவாயில்லை, மேலே போ' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தான். கம்ப்யூட்டர் எழுந்தது, படம் வந்தது, முதலாளி வாயை மூடினார். எண்ணை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான்.

அந்த நாளைக்குத்தான் சூப்பர்வைசர் என் மகன் மண்டையைப் பிளந்தான்.

ஒடிந்த ஏணியில் ஏற மாட்டேன் என்று என் மகன் சொன்னானாம். அதற்கு இரும்புக் கம்பி. மண்டையில் தையல், தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்க முடியாதவன் என்ன சொல்வான்? சூப்பர்வைசர் தன் கையில் ஒரு பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு, இவன்தான் முதலில் தன்னை வெட்ட வந்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். தாடை கூடியதும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஜெயில் என்றார்கள்.

கேமரா இருக்கிறதே என்று எல்லோரும் தைரியமாக இருந்தோம். மருமகன் ஓடிப் பார்த்தபோது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற சின்ன டிஸ்க் நிறைந்து, எதுவும் திறக்காமல் திணறிக்கொண்டிருந்தது. எண்ணைத் திருத்தாதது அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய்த் திருத்தி, புது டிஸ்க்கைக் கோத்து, ஃபோல்டரைத் திறந்தான். காலி.

"பதிவே ஆகல அத்தை" என்று வந்து நின்றான்.

"ஆகலையா, ஆகவிடலையா? அந்த சூப்பர்வைசர் உங்களுக்கு ஒண்ணுவிட்ட அண்ணனா மாப்பிள்ளை?"

பதில் சொல்வதற்குள் மூட்டை தூக்குகிறவர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவனைக் கொக்கி என்பார்கள். தோளில் எப்போதும் மூட்டை இழுக்கிற கொக்கி தொங்கும்.

"எங்க ஆளு மண்டைய பொளந்தவனுக்கு நீ படத்தைத் தொடச்சுக் குடுத்தியாடா?" என்று வாயிலேயே குத்தினான். மற்றவர்கள் கீழே தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பு நொறுங்குகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. கதவை உதைத்துப் பெயர்த்தவன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. நான் துடைப்பக்கட்டையைத் திருப்பிப் பிடித்துக் கொக்கியின் முதுகில் இறக்கினேன்.

"அவரை அடிக்கணும்னா நான் அடிப்பேன்டா, எங்க வீட்டு ஆளு! உனக்கென்ன வந்துச்சு?"

அவர்கள் போன பிறகு மருமகன் உள்ளங்கையில் தன் பல்லை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். என் மகள் ரத்தத்தைத் துடைத்தாள்.

"சின்ன டிஸ்க் இன்னும் நிறைஞ்சேதான் இருக்கு" என்று முனகினான்.

"பல்லு போச்சு, இவருக்கு டிஸ்க்காம்!" என்றேன்.

"இல்ல அத்தை. கணக்குப் பார்த்தா கண்ணுக்குத் தெரியறது பாதிகூட வரல. மிச்ச இடத்தை எது அடைச்சிருக்கு?" சட்டென்று நிமிர்ந்தான். "பீரோ டிராயரைக் கழட்டிட்டு அந்தப் பொந்துல துணியைப் போட்டு, திரும்ப டிராயரைச் சொருகினா துணி எங்க?"

"டிராயருக்கு அடியிலதான். எங்க போகும்?"

"படமும் அப்படித்தான் அத்தை. பெரிய டிஸ்க் கோக்காதப்போ சின்னதுல விழுந்து, இப்ப அடியில கிடக்கு" என்று விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நானும் செருப்பை மாட்டினேன். ஆளைத் தனியாக விட எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

கேமரா அறையில் உட்கார்ந்து பெரிய டிஸ்க்கைக் கழற்றச் சொல்லித் தட்டினான். முடியாது, வேலையாக இருக்கிறேன் என்றது. அதில் எழுதிக்கொண்டிருந்த கேமரா வேலையை நிறுத்தினான். எல்லாத் திரையும் கறுத்தது. அதைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் உள்ளே வந்தான்.

"யாரைக் கேட்டுடா நிறுத்தின?" என்று மின்சார வயரை இழுக்கக் குனிந்தான். என் கைக்கு அகப்பட்டது ஒரு கீபோர்டு. அவன் விரல் முட்டியில் ஓங்கிப் போட்டேன். எழுத்துக் கட்டைகள் பல் மாதிரி சிதறின.

"அத்தை, அது நல்ல கீபோர்டு!"

சூப்பர்வைசர் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கண்ணில் ரத்தம் இறங்கியது. அப்போதுதான் மருமகன் நாற்காலியை விட்டு எழுந்தான். பழைய ஆள். காதைப் பிடித்து இழுத்து மேசை விளிம்பில் ஒரு மோது, தரையில் ஒரு மோது. பிறகு அவன் முதுகின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, கையை எட்டி மறுபடி தட்டினான். இந்த முறை டிஸ்க் கழன்றது.

சத்தம் கேட்டு மூட்டை தூக்குகிறவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். காலியாகக் கிடந்த அதே ஃபோல்டரை மருமகன் அவர்கள் கண்ணெதிரே திறந்தான். என் மகன் அடிபட்ட நாளின் காலைப் பதிவு முழுவதும் வரிசையாகக் கிடந்தது.

அந்தப் படம்தான் பிறகு என் மகனை வீட்டுக்கும், தரையில் கிடந்தவனை ஜெயிலுக்கும் அனுப்பியது. அன்றைக்கு அந்த அறையில் ஓடியதைச் சொல்கிறேன். என் மகன் ஏணியைக் காட்டிவிட்டுத் திரும்புகிறான். பின்னாலிருந்து கம்பி. விழுகிறான். தாடையில் மறுபடி. மறுபடி. சுற்றிலும் கொக்கியும் அவன் ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ரத்தம் ஓடி வரவும் ஒருவன் காலை நகர்த்திக்கொள்கிறான்.

"போதும், நிறுத்துப்பா" என்றான் கொக்கி. தோளிலிருந்த கொக்கியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஓடட்டும் மாப்பிள்ளை" என்றேன். "பெருசாக்குங்க."

பல் போன ஓட்டை வழியாகக் காற்று வர, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்:

"எந்த மூஞ்சிய அத்தை?"