ரேவ்தண்டாவில் மூன்று முழுக்கு

என் மாமியாருக்குக் கால்கள் விழுந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வாய் மட்டும் விழவில்லை. பிழைக்க வந்த மராட்டி ஊரான போபோடியில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே சந்து முழுவதையும் ஆண்டுகொண்டிருந்தார். காய்காரனுக்கு மராட்டியில் ஒரு திட்டு, எனக்குத் தமிழில் ஒரு பழமொழி. எட்டாவதோடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்த சொலவடைகளில் பாதி அந்தக் கட்டிலடியில் பொறுக்கியவைதான்.

தொண்ணூறுகளின் கடைசி. என் வீட்டுக்காரரோடு ஃபாக்டரியில் வேலை செய்த ஒரு மராட்டிக்காரருக்குக் கடலோர ஊரான ரேவ்தண்டாவில் தென்னந்தோப்பும் வீடும் இருந்தன. ஒரு ராத்திரி தங்கிப் போங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரியான நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் பாலாற்றில் மணலைத்தான் பார்த்திருக்கிறேன்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் அத்தையோட இருக்கேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "அலை எப்ப ஓயறது, தலை எப்ப முழுகறது? நான் போய்ச் சேந்தப்புறம் போலாம்னு பாக்கறியா? அவ்ளோ சீக்கிரம் போறவ இல்லடி நான். ரெண்டு பேரும் கெளம்புங்க."

பக்கத்து வீட்டு மராட்டிக்காரப் பெண்ணை நான் 'வஹினி' என்றுதான் கூப்பிடுவேன், அண்ணி மாதிரி. அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். எஸ்டி என்கிற அரசாங்க பஸ் மலை இறங்கும்போது என் கண் வெளியே இருந்தது, மனசு கட்டிலடியில் இருந்தது. இந்நேரம் புரட்டிப் படுக்கவைக்கணும். இந்நேரம் முதுகுக்குப் பவுடர் போடணும்.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாக, நடுவே ஒதுங்கிய மணல் துண்டு ரேவ்தண்டா. போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டைக்குள்ளேயே ஊர். இடிந்த சுவரைத் தாண்டினால் பாக்கும் தென்னையும். பழைய பீரங்கி ஒன்றின் மேல் யாரோ பாவாடை காயப்போட்டிருந்தார்கள். "கோட்டை கட்டினவன் போயிட்டான், தேங்காய் பறிக்கிறவன் இருக்கான்" என்று மராட்டியில் சொல்லிச் சிரித்தாள் தோப்புக்காரர் மனைவி. நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை கடலில் நின்றேன். முழங்கால்வரைதான். காலடி மணலை அலை உருவிக்கொண்டு போனபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்ததும் பயம் வந்தது.

"ஏங்க, ஒரு போன் போட்டுட்டு வந்துரலாம்."

எஸ்டிடி பூத்திலிருந்து வஹினி வீட்டுக்குப் போட்டார். எடுத்தது வஹினியின் மாமியார், காது மந்தம். அம்மா எப்படி இருக்கிறார் என்று இவர் கத்திக் கேட்டார். ரிசீவரில் நானும் காதை ஒட்டிவைத்தேன்.

"ஆயி? ஆயி கேல்யா. ஹோ, கேல்யா..."

லைன் அறுந்தது. மறுபடி மறுபடி போட்டும் கிடைக்கவில்லை. 'ஆயி' என்றால் அம்மா, 'கேல்யா' என்றால் போய்விட்டார் என்று அர்த்தம். தமிழில் நாம் சொல்லும் 'போயிட்டாங்க' மாதிரியேதான், சாவுக்கும் அதே சொல்.

அடுத்த பஸ் மதியம்தான். இவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். சாவுச் சேதி வெளியூரில் வந்தால் கேட்ட இடத்திலேயே கட்டின துணியோடு முழுக வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதை நினைவுபடுத்தியவள் நான்தான். கையைப் பிடித்து எழுப்பினேன். இரண்டு பேரும் இறங்கி மூன்று முழுக்குப் போட்டோம்.

முதல் முழுக்கில் அழுதேன். இரண்டாவதிலும் அழுதேன். மூன்றாவதில் தண்ணீர் சுகமாக இருந்தது. நாளைக் காலையில் அவசரமாக எழுந்திருக்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு, கூப்பிடாமலே வந்து நின்றது. இவர் பக்கம் நான் திரும்பவில்லை. இவரும் என்னைப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சந்துக்குள் நுழைந்தோம். கூட்டம் இல்லை, மூங்கில் இல்லை. ஜன்னலிலிருந்து யாரையோ திட்டும் குரல் கேட்டது. அந்தக் குரல்.

"வந்தாச்சா, கடல் பாத்தவங்களே! நானும் ஊர் பாத்துட்டு வந்தேன்டா!"

காலையில் வஹினியின் தம்பிமார் இரண்டு பேர் அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்து முனை அம்மன் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். வெயில் காய்ந்து, டீ குடித்து, வடாபாவ் தின்று, உச்சிப் பொழுதுக்குத்தான் திரும்பியிருக்கிறார்கள். மூன்று வருடத்தில் அத்தை வாசல் தாண்டியது அன்றுதான். நாற்காலி எங்கள் வீட்டு நாற்காலி. அத்தனை நாளும் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் கிடந்தது. அதன்மேல் நான் துவைத்த துணியை மடித்து வைப்பேன்.

இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"இன்னாடா, ஒரு ராத்திரிக்கே அம்மாவைத் தேடிச்சா?" என்று இவர் தலையைத் தட்டினார் அத்தை. பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு என் தலையைத் தடவினார். உப்பில் முடி விறைத்திருந்தது. விரலில் ஒட்டிய மணலைப் பார்த்தார்.

"முழுகிட்டியா!"

"முழுகினேன் அத்தை."

"அப்படிச் சொல்லு. எனக்கும் சேத்து ஒரு முழுக்கு போட்டியா?"

அடுப்பில் வெந்நீர் வைக்கிற சாக்கில் எழுந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார் அத்தை.

"மூணும் உங்களுக்குத்தான் அத்தை."

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சந்தில் போகிறவர் வருகிறவரை எல்லாம் ஜன்னல் வழியாக நிறுத்தி, தமிழருக்குத் தமிழிலும் மற்றவருக்கு மராட்டியிலுமாக, என் மருமகள் எனக்காக மூன்று முழுக்குப் போட்டாள் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலெல்லாம் நான் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன்.